பி.யூ. (பாலியூரித்தேன்) சோல்: பாலியெஸ்டரா, பாலியீதரா?

சோல் ஊற்றும் மெஷின், அச்சு எல்லாம் முடிவான பிறகும் ஒரு கேள்வி பாக்கி நிற்கும்: சோலின் மூலப்பொருளான ‘பாலியால்’ எந்த வகை, பாலியெஸ்டரா, பாலியீதரா? நம் ஊர் ஈரக்காற்றில் விற்கப்போகும் செருப்புக்கும் ஷூவுக்கும் பாலியீதர்தான் என்பது என் முடிவு.

பாலியூரித்தேன் என்பது பாலியாலும் ஐசோசயனேட் என்ற இன்னொரு ரசாயனமும் வினைபுரிந்து உண்டாவது. 1937-இல் ஜெர்மனியின் லெவர்கூசனில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்ட வழி அது. சோலுக்கு எம்.டி.ஐ. என்ற வகை ஐசோசயனேட்டைப் பயன்படுத்துவார்கள். பாலியாலில் அளந்து சேர்த்த சிறிதளவு தண்ணீர் அதோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விட, கலவை பொங்கி நுரைக்கும். 45–50 டிகிரி சூட்டிலுள்ள அச்சில் ஊற்றி மூடினால் சில நிமிடங்களில் சோலைக் கழற்றிவிடலாம். இதெல்லாம் இரண்டுக்கும் பொது.

பாலியெஸ்டரின் பலம் தெரிந்ததே: தேய்மானம் குறைவு, லேசில் கிழியாது, எண்ணெய் பட்டாலும் தாங்கும். ஆனால் சூடு குறைந்தால் மெழுகாக இறுகும். ட்ரம்மை முழுக்க உருக்கிக் கலக்காமல் ஊற்றினால் விகிதம் தவறி, சோல் ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் மொறமொறப்பாகவும் வரும். பாலியீதர் நீர்த்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

என் முடிவுக்குக் காரணம் வேறு. பாலியெஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பை ஈரம் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் அமிலம் உண்டாகிறது; அந்த அமிலமே அடுத்த வெட்டை வேகப்படுத்துகிறது. அதனால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நலிந்து வந்த சோல், ஒரு நாள் சட்டென்று பொடிகிறது. கல்யாணத்துக்கு வாங்கி டப்பாவில் பூட்டிவைத்த ஷூவை இரண்டு மூன்று வருடம் கழித்துப் போட்டால் நாலு அடியில் உதிர்வது இதனால்தான். வெயிலில் காயும் தகரக் கூரைக் குடோனில் தேங்கிய சரக்குக்கும் இதே கதி. கார்போடைஇமைடு என்ற தடுப்பு ரசாயனம் சேர்த்தால் தள்ளிப்போகும், நிற்காது. பாலியீதரில் இந்த எஸ்டர் பிணைப்பு இல்லாததால் ஈரத்துக்கு அது அசையாது.

திரும்பி வந்த ஜோடியைப் பார்த்தவுடன் ஒட்டுக்காரர் மேல் பழி போடாதீர்கள். சோல் முழுசாக, சுத்தமாகப் பிரிந்திருந்தால் பேஸ்டிங் கோளாறு. பெரும்பாலும் சோல் ஒட்டாமல் கழல அச்சில் அடித்த ரிலீஸ் ஏஜெண்டைச் சோலிலிருந்து துடைக்காமல் ஒட்டியிருப்பார்கள். விரலில் பிசுபிசுத்து, கேக் போல உதிர்ந்தால் ஈரம் தின்ற பாலியெஸ்டர்.

மெக்கானிக் ஷெட், எண்ணெய் ஆலைக்கான சேஃப்டி ஷூ மட்டும் விதிவிலக்கு. தினமும் போட்டுத் தேய்க்கிற இடத்தில் பாலியெஸ்டரே சரி. மற்றவற்றில் பாலியீதரின் தேய்மானக் குறையை அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டி ஈடுகட்டலாம். விலை வித்தியாசம் சப்ளையருக்குச் சப்ளையர் மாறும், அதைப் பொதுவாகச் சொல்வதற்கில்லை.

சப்ளையர் சொல்லை மட்டும் நம்பவும் வேண்டாம். இரண்டு சோலிலும் ஒரு துண்டு வெட்டி, அடியில் தண்ணீர் விட்ட மூடிய பாத்திரத்தில், தண்ணீரில் படாமல் தொங்கவிட்டு, 70 டிகிரி ஓவனில் 7 நாள் வையுங்கள். எடுத்து, ஆறவிட்டு, மடக்கிப் பாருங்கள்.