580 என்று சொல்லி விற்ற கார்டும், 500 வாட் என்று எழுதிய எஸ்எம்பிஎஸ்ஸும்: கிராபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறவர்களுக்கு

பழைய கேமிங் பிசிக்கு கிராபிக்ஸ் கார்டு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு கல்லூரி மாணவர், பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை ஒரே மாலையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார். கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் இங்கே வேண்டாம். இதே வியாபாரம் பல ஊர்களில் நடக்கிறது. கடையை அடையாளம் காண்பதைவிட, கார்டை அடையாளம் காணத் தெரிந்துகொள்வதுதான் பணத்தைக் காப்பாற்றும்.

முதலில் மெஷின் என்னவென்று சொல்லிவிடுகிறோம். ஐ5-4570 பிராசஸர், எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒரே ஸ்டிக்காக, ஒரிஜினல் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி. புதிய கேம்களில் திரும்பினால் ஓடினால் படம் அரை விநாடி உறைந்து உறைந்து போகிறது. இதுதான் புகார். கடையில் மெஷினை ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, 1050 எல்லாம் இனிமே ஓடாது, என்விடியாவே ட்ரைவர் நிறுத்திட்டான். 580 எட்டு ஜிபி ஒரு பீஸ் இருக்கு, போட்டுட்டுப் போ, அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 என்று சொன்ன அந்தக் கார்டு ரூ.9,000, அதற்கேற்ற 500 வாட் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) என்று ரூ.1,800. பழைய 1050 டிஐ-யை எக்ஸ்சேஞ்சில் ரூ.1,500-க்கு எடுத்துக்கொண்டு, மீதி ரூ.9,300 வாங்கியிருக்கிறார்கள். பில் கிடையாது. எஸ்டிமேட் சீட்டின் பின்பக்கத்தில் "7 நாள் டெஸ்டிங் வாரண்டி" என்று பேனாவில் எழுதிய ஒரு வரி, அவ்வளவுதான்.

வீட்டில் மாட்டியதும் அதே உறைதல். கனமான கேம் திறந்தால் பத்து நிமிடத்தில் மெஷின் பட்டென்று அணைந்துவிடுகிறது.

ட்ரைவர் பேச்சில் பாதிதான் உண்மை. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான ட்ரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும். இருக்கிற ட்ரைவரில் ஓடும் கேம் நாளைக்கு நின்றுவிடாது. இதைச் சொல்லி விற்ற ஆர்எக்ஸ் 580 எப்போது வந்தது? 2017 ஏப்ரலில். 1050 டிஐ வந்து ஆறே மாதம் கழித்து. அந்தத் தலைமுறைக்கும் ஏஎம்டி 2023-லேயே ட்ரைவரைத் தனியாகப் பிரித்து, அவசியமான திருத்தங்களை மட்டும் கொடுத்து வருகிறது. ஐந்து வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அந்த மெஷினில் கோளாறு கார்டில் இல்லவே இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதோடு வரும் ரிவாட்யூனர் என்ற இரண்டு புரோகிராம்களைப் போட்டு, கேம் ஓடும்போதே திரையின் மூலையில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, ஒவ்வொரு சிபியு கோரின் பயன்பாடு, ரேம், விரேம் (கார்டின் சொந்த மெமரி) ஆகிய நான்கையும் காட்டச் செய்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வி-சிங்க்கையும் (திரையின் வேகத்துக்குள் கேமைக் கட்டி வைப்பது) எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) வரம்பையும் முதலில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஜிபியு சும்மா இருப்பதுபோலக் காட்டும். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் திணறுகிறது. இங்கே ஜிபியு 50-க்கும் 60-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்க, நான்கு கோரும் 100-ல் முட்டி நின்றன. இன்னொரு சோதனையும் உண்டு. ரெசொல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லையென்றால் தடை சிபியுவிலோ ரேமிலோ இருக்கிறது. அங்கே எந்தக் கார்டைப் போட்டாலும் காசு தண்டம்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று என்று வந்தால் சிங்கிள் சேனல். டிடிஆர்3-1600 ஒரே ஸ்டிக்கில் விநாடிக்கு 12.8 ஜிபிதான் கடத்தும், ஜோடியாகப் போட்டால் 25.6. அதைவிட முக்கியம், இன்றைய கேம்களில் பல 8 ஜிபி ரேமில் அடங்குவதில்லை. மிச்சம் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும், போய்த் திரும்பும் நேரம்தான் அந்த அரை விநாடி உறைதல். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் செகண்ட்ஸில் வாங்கியிருந்தால் கார்டுக்குக் கொடுத்ததில் சிறு பங்கில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இனி கார்டு. ஜிபியு-இசட் என்ற சின்னப் புரோகிராமைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே எல்லாம் இருக்கிறது. பெயர்க் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். ஷேடர்ஸ் என்ற கட்டத்தைப் பாருங்கள், சிப்பில் படம் வரையும் கோர்கள் எத்தனை என்பது அதுதான். உண்மையான ஆர்எக்ஸ் 580 என்றால் அங்கே 2304 இருக்க வேண்டும். இந்தக் கார்டில் இருந்தது 2048. இது "580 2048எஸ்பி" என்ற வகை. 2018-ல் சீனச் சந்தைக்கென்று வந்தது. உள்ளே இருப்பது நடைமுறையில் ஆர்எக்ஸ் 570-தான். சிப்பும் அந்த அளவு, மெமரியும் 580-ன் 8 ஜிகாபிட்டுக்குப் பதில் 7 ஜிகாபிட்டில் ஓடுவது. பெட்டியில் பெரிதாக 580 என்று இருக்கும், 2048எஸ்பி என்பது ஸ்டிக்கரில் கடுகளவு எழுத்தில் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. 570 விலைக்குக் கிடைத்தால் இதை வாங்குவதில் தப்பில்லை. 580 விலை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பது ஏமாற்று.

அதோடும் நிற்கவில்லை. இது மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் சம்பாதிக்க ஓயாமல் கணக்குப் போடும் வேலையில் ஓடிய கார்டு. 2022 செப்டம்பர் 15-ம் தேதி எதீரியம் மைனிங் நின்றபோது இந்த மாதிரிக் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு கெட்டது என்று சொல்ல முடியாது. நிதானமான வோல்டேஜில் ஓடியவை நன்றாகவே இருக்கின்றன. கெடுப்பது இரண்டு விஷயம். ஒன்று ஃபேன். இரவு பகலாகச் சுற்றி பேரிங் தேய்ந்திருக்கும். அணைத்து வைத்த கார்டில் ஃபேனின் நடுவை விரலால் மெல்ல அசைத்தால் ஆடும், சுற்றிவிட்டால் சட்டென்று நிற்கும். இன்னொன்று பயாஸ், அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள். மைனிங்குக்காக மெமரி டைமிங்கை மாற்றி எழுதியிருப்பார்கள். மாற்றிய பயாஸோடு ஏஎம்டி ட்ரைவரைப் போட்டால் பெரும்பாலும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 43-ம் வரும். கடையில் ஒரு பேட்ச் ஓட்டி அதை மறைத்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் விண்டோஸை மறுபடி போட்ட அன்றைக்கோ ட்ரைவரை அப்டேட் செய்த அன்றைக்கோ முக்கோணம் திரும்பி வரும், அதற்குள் ஏழு நாள் ஓடியிருக்கும். கார்டின் மேல் விளிம்பில் சின்ன பயாஸ் சுவிட்ச் இருக்கிற மாடல் என்றால், மெஷினை அணைத்துவிட்டு மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். அந்தப் பக்கம் கம்பெனி பயாஸ் தொடாமல் இருக்க வாய்ப்புண்டு.

கண்ணால் பார்த்தும் நிறையத் தெரியும். பின்பக்கம் பிளேட் இல்லாத கார்டில், மின்சாரம் இறங்கும் பகுதியைச் சுற்றி போர்டின் பச்சையோ கருப்போ ஆன நிறம் மங்கிப் பழுப்பேறியிருந்தால் நெடுநாள் சூட்டில் வெந்தது. ஹீட்சிங்க் ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது தெர்மல் பேடிலிருந்து (சூட்டைக் கடத்த நடுவில் வைக்கும் மெத்தை) கசிந்தது. ஸ்க்ரூ தலைகள் வழித்துப் போயிருந்தால் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். கார்டு பழையதாகவும் சீரியல் ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்றும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதைவிட மோசமான சரக்கும் ஓடுகிறது. 2010, 2011-ல் வந்த ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பது. விண்டோஸும் அந்தப் பெயரைத்தான் காட்டும். பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தாலே சந்தேகப்படுங்கள், 1050 டிஐ சிப்புக்கு அனலாக் வெளியீடே கிடையாது. ஜிபியு-இசட் 2018-ல் வந்த 2.12 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட கார்டின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போட்டே காட்டுகிறது. அதனால் புதிய பதிப்பை நீங்களே பென்டிரைவில் கொண்டுபோங்கள், கடை மெஷினில் கிடக்கும் பழையதை நம்ப வேண்டாம். 1050 டிஐ என்றால் ஷேடர்ஸ் 768. போலியின் உள்ளே இருக்கும் சிப்பில் 192-தான்.

மெஷின் அணைந்ததற்குக் காரணம் எஸ்எம்பிஎஸ். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டும் சிபியுவும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் சாப்பிடும். கடையில் சொன்னபடி உண்மையான 580 என்றால் அதற்கு 185 வாட், அதாவது 15 ஆம்பியருக்கு மேல். ஐ5-4570-க்கு 84 வாட், அது 7 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தாலே 22 தாண்டிவிட்டது, ஃபேனும் டிஸ்க்கும் இன்னும் கணக்கில் வரவில்லை. மிச்ச வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிய கணக்கு, அது கேமிங்குக்கு உதவாது.

இன்னும் பயப்பட வேண்டியது, அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 8-பின் வயரே இல்லை. இரண்டு மோலெக்ஸை (பழைய டிஸ்க்குகளுக்கான நான்கு முனை வயர்) ஒன்றாக்கும் அடாப்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முறையான 8-பின்னில் மூன்று மஞ்சள் வயர் 12 வோல்ட் கொண்டுவரும், 150 வாட் வரை தாங்கும். மோலெக்ஸ் ஒன்றுக்கு ஒரே மஞ்சள் வயர். மூன்று வயர் சுமப்பதை இரண்டு மெல்லிய வயர் சுமக்கிறது. கழற்றியபோது வெள்ளை பிளாஸ்டிக் முனை பழுப்பாகி, பின்னைச் சுற்றி இளகியிருந்தது. பூட்டிய அறையில் இரவு முழுக்க ஓடும் மெஷின் இது. யார் வீட்டிலாவது இப்படி அடாப்டரில் கார்டு ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். தனி 8-பின் வயர் உள்ள, 12 வோல்ட்டில் 400 வாட்டுக்கு மேல் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் வாங்கும் வரை போர்டிலேயே இருக்கும் டிஸ்ப்ளேயில் ஓட்டிக்கொள்ளலாம்.

புதுக் கார்டு வாங்குபவர்களும் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபியும் 6 ஜிபியும் வேறு வேறு கார்டுகள்: 8 ஜிபியில் 2560 கோர், 6 ஜிபியில் 2304, மெமரி வழியும் 128-லிருந்து 96 பிட்டாகக் குறைவு. ஜிடி 1030-ல் டிடிஆர்4 வகை மெமரி வேகத்தில் ஜிடிடிஆர்5 வகையின் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பிசிஐஇ லேனில் (போர்டோடு தரவு பரிமாறும் பாதை) ஓடுகிறது. எச்81 போர்டில் ஸ்லாட் பிசிஐஇ 2.0 என்பதால் அங்கே அது மூச்சுத் திணறும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே நேரத்தில் அணுகுவது) வசதி இல்லாத போர்டு சரிப்படாது. நான்காம் தலைமுறை போர்டுக்கு ஆர்க்கை யாராவது சிபாரிசு செய்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

செகண்ட்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முதலில் ஜிபியு-இசட்டில் ஷேடர்ஸ், மெமரி அளவு, மெமரி பிட். பிறகு ஓசிசிடி என்ற சோதனைப் புரோகிராமில் விரேம் டெஸ்ட், அதில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாகவே நிற்க வேண்டும், ஒன்று வந்தாலும் வேண்டாம். பிறகு யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற கிராபிக்ஸ் சோதனை இருபது நிமிடம். வெப்பம் ஏற ஏற கிளாக் படிப்படியாக விழுகிறதா, திரையில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். "டெஸ்ட் எல்லாம் எதுக்குத் தம்பி, நாங்க பார்த்துட்டோம்" என்றால், "அண்ணா, பணம் நான் கொடுக்குறேன், நான் ஒருதடவை பார்த்துக்குறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். பழைய கார்டை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். புதியது வீட்டில் ஒரு வாரம் ஓடிய பிறகு தனியாக விற்றாலே கூடுதல் விலை வரும், ஏதாவது ஆனால் திரும்பிப் போட ஒரு கார்டும் கையில் இருக்கும்.

பில்லில் முழு மாடல் பெயர், ஷேடர் எண்ணிக்கை, சீரியல் நம்பர் மூன்றும் இருக்கட்டும். ஜிபே, போன்பே என்று ஏதாவதொரு வழியில் கடை கணக்குக்கே பணம் அனுப்புங்கள், ரொக்கம் வேண்டாம். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அந்த மாணவர் கையில் இருந்தது எஸ்டிமேட் சீட்டும், யுபிஐ-யில் பணம் போன ஸ்கிரீன்ஷாட்டும்தான். ஜிபியு-இசட் படத்தையும் இளகிய அடாப்டரையும் கொண்டுபோய்க் காட்டி, 1915-ல் பதிவு செய்த எண்ணையும் சொன்ன பிறகு கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு ரூ.6,000 கொடுத்தார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒன்றும் தரவில்லை. அவருடைய 1050 டிஐ அதற்குள் வேறு யாருக்கோ விற்றுப் போயிருந்தது.