ரொட்வைலரா, அல்சேஷனா, லப்ரடோரா? சின்னப் பிள்ளைகள் இருக்கும் கொழும்பு வீட்டுக்கு எது சரி?

கொழும்பில் நாய் வாங்கும் பேச்சு அநேகமாகக் கள்ளர் பயத்தில்தான் தொடங்கும். “வாங்கிறதெண்டா ரொட்வைலரை வாங்கு, ஒருத்தனும் கேற்றடிக்கு வரமாட்டான்” என்பார் மாமா. “சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அதையோ?” என்று கேட்பார் அம்மம்மா. மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் அம்மம்மாவின் பக்கம்.

ரொட்வைலர், ஜெர்மனியின் ரொட்வைல் நகரில் இறைச்சிக்காரர்களுக்கு மாடு ஓட்டியும் வண்டி இழுத்தும் உழைத்த இனம். நன்றாக வளர்க்கப்பட்ட ரொட்வைலர் வீட்டு ஆட்களோடு அவ்வளவு பாசமாக இருக்கும். பக்கத்தில் வந்து காலில் சாய்ந்துகொண்டு நிற்கும். அதன் குணத்தில் எனக்குக் குறையில்லை. என் கவலை எடையைப் பற்றியது. வளர்ந்த ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டும், ஆறு வயதுப் பிள்ளை 20 கிலோ இருந்தால் பெரிது. சின்னஞ்சிறு பொமரேனியனும் கடிக்கும். அது கடித்தால் பெரும்பாலும் மருந்து கட்டுவதோடு போய்விடும். ரொட்வைலர் ஒரே ஒரு தடவை கடித்தாலும் சத்திரசிகிச்சை வரை போகலாம். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ரொட்வைலர்கள் குதறியபோது, அவை சங்கிலியில் இருக்கவில்லை.

தெஹிவளையில் எனக்குத் தெரிந்த வீடொன்றில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு ரொட்வைலர் ஒற்றுமையாக வளர்கிறது. பள்ளிக்கூட விடுமுறைக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் வந்து வளவுக்குள் கத்தி ஓடி, ஒருவரையொருவர் தள்ளி விளையாடினார்கள். நாய் நடுவில் வந்து நின்றது. வாய் மூடியிருந்தது, உடம்பு விறைத்திருந்தது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. பெரியவர்கள் “பாருங்கோ, தங்கச்சிக்குக் காவல் நிக்கிறான்” என்று சிரித்தார்கள். நாயை உடனே உள்ளே கொண்டுபோக வேண்டிய நேரம் அதுதான். வீட்டுப் பிள்ளைக்கும் விருந்துக்கு வந்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் நாய்க்கு நன்றாகத் தெரியும். விளையாட்டுச் சண்டைக்கும் உண்மைச் சண்டைக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் தெரியாது. இன்னொன்று: உறுமும் நாயை அடிக்காதீர்கள். அடித்தால் உறுமுவதை மட்டும் விட்டுவிட்டு, நேராகக் கடிக்கப் பழகிவிடும்.

அல்சேஷன் ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை வரும். புத்திசாலி, சொல் கேட்கும், காவலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது ஆட்டு மந்தை மேய்க்க உருவான நாய். ஓடும் பிள்ளையைத் துரத்திக் குதிக்காலைக் கவ்வுவது அதற்கு இயல்பாகவே வரும். தினமும் நடை வேண்டும், மூளைக்கும் வேலை வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் மாலைவரை தனியே அடைபட்டால், லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைத்துப் பதற்றக்கார நாயாகிவிடும். சித்திரை வருடப்பிறப்பு வெடிச் சத்தத்தில் அது படும் பாட்டைப் பார்க்கவே முடியாது. வளவுள்ள வீடு, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பகலில் வீட்டில் ஓர் ஆள்: இத்தனையும் இருந்தால் தாராளமாக வளர்க்கலாம்.

டோபர்மன் கொழும்பு வெயிலைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் இருதய நோய் அந்த இனத்தில் அதிகம், முதல் நாயாக எடுப்பவருக்குக் கையாளவும் கஷ்டம். பிட்புல்லைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. பிரித்தானியா 1991 சட்டத்திலேயே தடுத்த வகைகளில் அதுவும் ஒன்று. இனத்தை மட்டும் பார்த்துத் தடுப்பது சரியா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், தவழும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

லப்ரடோர் கள்ளனுக்கும் வாலாட்டும் என்பார்கள். ஆட்டட்டும். இரவில் வருகிறவன் பயப்படுவது குரைப்புச் சத்தத்துக்குத்தான், அது லப்ரடோரிடம் தாராளமாக இருக்கிறது. முதல் இரண்டு வருடம் பாய்ந்து பாய்ந்து சின்னப் பிள்ளைகளை விழுத்தும், மிச்சச் சோறு போட்டால் பீப்பாய் மாதிரி ஊதிவிடும். இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லை. லப்ரடோரைவிடவும் என் மனதுக்குப் பிடித்தது வளர்ந்த ஊர்நாய். நம் வெயிலுக்குப் பழகியது, எடையும் குறைவு, அந்நியரைக் கண்டால் குரைக்கும். ஒன்றரை இரண்டு வயது நாயாக எடுத்தால் குணம் எப்படி என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். குட்டியில் அது தெரியாது.

குட்டிதான் வேண்டுமென்றால் எட்டு வாரத்துக்கு முன் எடுக்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடத்தில் வாங்கவே வேண்டாம். முதல் மூன்று நான்கு மாதங்களுக்குள் பிள்ளைகள், குடை பிடித்தவர்கள், ஆட்டோச் சத்தம் எல்லாம் அதற்குப் பழகவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியை வருடாவருடம் போடுங்கள். எந்த இனமாக இருந்தாலும், சாப்பிடும் நாய்க்குப் பக்கத்தில் பிள்ளையை விடாதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.