சொந்த வார்த்தையா, சங்கீதமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜெபக்கூட்டம் முடிந்து தே தாரிக் (பால் தேநீர்) குடிக்கும்போது ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, கடவுள் மேலேயே சந்தேகமா இருக்கு. அதை எப்படி ஜெபிக்கிறது?" இரண்டு வழி உண்டு: சொந்த வார்த்தையில் ஜெபிப்பது, அல்லது வேதாகமத்தின் ஜெபப் பாடலான சங்கீதம் ஒன்றை வாசித்து ஜெபிப்பது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நேரம்: சொந்த வார்த்தைக்கு எல்ஆர்டி ரயிலில் நிற்கும் நேரமே போதும். சங்கீதம் 13-ம் 6 வசனம்தான்.

எளிமை: மனம் உடைந்த நாளில் எனக்குச் சொந்த வார்த்தை வராது, அழுகைதான் வரும். 13-ஆம் சங்கீதமோ நமக்காக 4 முறை "எதுவரைக்கும்" என்று கேட்டுவிடுகிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் கடுமை. ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே!

நேர்மை: இதில் சொந்த வார்த்தைதான். சங்கீதத்தை ஒப்பித்துவிட்டு ஒளிந்துகொள்ளலாம். "வேலை போச்சு, உம்மேல் கோபம்" என்று சொன்னபிறகு ஒளிய இடமேது?

கோபம் கொதித்தால் சொந்த வார்த்தை. வாயே திறக்கவில்லையென்றால் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள். தங்கச்சிக்கு நான் 88-ஐத்தான் காட்டினேன்.