வாணலி இல்லாமல் முட்டை: மைக்ரோவேவா, ஆவியா?

வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் மைக்ரோவேவை எதுவும் முந்தாது. கோப்பையில் எண்ணெய் தடவி, 2 முட்டை, 2 மேசைக்கரண்டி பால், உப்பு சேர்த்து அடித்து 45 நொடி வையுங்கள். எடுத்துக் கிளறி, மறுபடி 20 முதல் 30 நொடி. மேலே ஈரம் மினுங்கும்போதே எடுத்துவிட வேண்டும். மீதி கோப்பைச் சூட்டில் வெந்துவிடும்.

ஆனாலும் என் ஓட்டு ஆவிக்குத்தான். கொஞ்சம் கை தவறினாலும் அது பொறுத்துக்கொள்ளும் என்பதே காரணம். மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டியாகத் தொடங்கி 70-இல் உறைந்துவிடும். வெள்ளைக்கரு முழுதாக இறுக 80 வேண்டும். அதைத் தாண்டிச் சூடு ஏறினால் புரதம் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். முட்டை ரப்பராவதும், கோப்பையடியில் நீர் தேங்குவதும் அதனால்தான். மைக்ரோவேவில் ஓரம் முதலில் வெந்து நடு கொழகொழவென்று நிற்கும். நடுவுக்காக இன்னும் 15 நொடி கூட்டினால் ஓரம் போச்சு. ஆவியில், அதுவும் தீயைக் குறைத்து வைத்தால், ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் பெரிதாகக் கெடாது.

2 முட்டைக்கு 4 மேசைக்கரண்டி தண்ணீர், உப்பு. நுரை பொங்காமல் கலக்கி, எண்ணெய் தடவிய தட்டைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு சின்னத் தட்டு மூடுங்கள். அந்தத் தட்டை விட்டுவிடக்கூடாது. இல்லையென்றால் பாத்திரத்தின் மூடியிலிருந்து சொட்டும் நீரால் முட்டையில் குழி குழியாக விழும். பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் கொதித்ததும் கிண்ணத்தை உள்ளே வைத்து, பாத்திரத்தை மூடி, சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம். ஆட்டிப் பார்த்தால் நடு மட்டும் லேசாக அசைய வேண்டும். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள் இருந்தால் தீ அதிகம் என்று பொருள்.

ஓட்டோடு அவிக்கவும் ஆவியே மேல். கொதி வந்தபின் வைத்தால் அரை வேக்காட்டுக்கு 6-7 நிமிடம், முழு வேக்காட்டுக்கு 12. எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடுங்கள். ஆவியில் வைத்த உடனேயே நல்ல சூடு படுவதால் வெள்ளைக்கரு உள்சவ்வோடு ஒட்டாது. ஓடு சுலபமாக உரியும்.

ஏர் ஃப்ரையரில் 135 டிகிரியில் ஏறக்குறைய 15 நிமிடத்தில் ஓட்டு முட்டை வெந்துவிடும். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதால் முதலில் ஒரு முட்டையை வைத்துப் பாருங்கள். மின் கெட்டிலைப் பரிந்துரைக்க மாட்டேன்: ஓடு விரிசல் விட்டால் வெள்ளைக்கரு அடித்தகட்டில் பிடித்துக்கொள்ளும், தேய்த்து எடுப்பது பெரும்பாடு.

அடுப்பே இல்லாத அறையில், ஒருவருக்கு மட்டும் என்றால் மைக்ரோவேவ் போதும். ஓட்டோடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள், வெடிக்கும். உடைத்து ஊற்றினாலும் மஞ்சள் கருவின் சவ்வை முள்கரண்டியால் குத்திவிடுங்கள். அவித்து உரித்த முழு முட்டையை அதில் திரும்பச் சூடாக்குவதும் ஆபத்து. உள்ளே அடைபட்ட நீராவி, கடிக்கும் நேரத்தில் வெடித்து வாயைச் சுட்டுவிடும். பாதியாக வெட்டிய பிறகு சூடாக்குங்கள்.