சாரணர் பையன்களின் வண்டி கழுவலும் உபின் நடையும்: காசு கொடுத்தவன் சொல்வது

பள்ளிச் சாரணர்கள் முகாமுக்குக் காசு சேர்க்க வண்டி கழுவுகிறார்கள் என்றால், நம்மில் பலர் பத்து வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) நீட்டிவிட்டு, வண்டி எப்படி வந்தாலும் "பாவம், பிள்ளைகள்தானே" என்று போய்விடுவோம். நான் அப்படி எழுதப் போவதில்லை. என்னிடம் காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை. மற்ற இடத்தில் எப்படிக் குறை நிறை பார்ப்பேனோ அப்படித்தான் இங்கேயும் பார்த்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பையன்கள் படிக்கிற இடம், நம்மால் ஒரு பேச்சு வரக் கூடாது.

என் வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் புரியும். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு விடியற்காலையில் வாழையிலை, பலா, தேங்காய் ஏற்றும் வேன். வெளியே தூசி, அது பெரிய விஷயமில்லை. உள்ளே தரைப்பலகையில் பலாப்பால் ஒட்டிக் காய்ந்து கறுத்துக் கிடக்கும். வழக்கமாக நான் விடும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள், அந்தக் கறையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு வரிசை. ஒன்றில் சாரணர்கள் மட்டும். இன்னொன்றில் உதவிக்கு வந்த பெற்றோர், கூடவே சில பையன்கள். என் முன்னால் நின்ற டாக்ஸிக்காரர் பெற்றோர் வரிசைக்குப் போனார், பெரியவர்கள் என்றால் சீக்கிரம் முடியும் என்று. நான் பையன்கள் பக்கம் நின்றேன். அவருக்கு முன்பே எனக்கு முடிந்தது.

காரணம் கண்ணெதிரே தெரிந்தது. பையன்கள் பக்கம் ஓர் அணித்தலைவன் இருந்தான், செக் த்ரீ (உயர்நிலை மூன்று) இருக்கும், ஒல்லியான மலாய்ப் பையன். யார் சோப்பு, யார் அலசல், யார் துணி, யார் சக்கரம் என்று பிரித்துவிட்டு அவன் எதையும் தொடவில்லை. வண்டியைச் சுற்றி மட்டும் வந்தான். மேலிருந்து கீழே துடைக்காமல் ஒருவன் நடுவில் தொடங்கியபோது தோளைத் தட்டிக் கூரையைக் காட்டினான், அவ்வளவுதான். பெற்றோர் பக்கத்தில் நாலு அப்பா, மூன்று அம்மா, எல்லாருமே தலைவர்கள். ஒருவர் சோப்பு போட்ட கதவில் இன்னொருவர் காய்ந்த துணியை வைத்துத் தேய்க்கிறார். அவர்கள் பிள்ளைகள் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டாக்ஸியின் முன்கண்ணாடியில் சோப்புக் கோடு அப்படியே காய்ந்து நின்றது.

பலாப்பாலுக்கு வருகிறேன். உள்ளே ஏறின பையன் சீனன், கண்ணாடி போட்டவன். தூரிகையால் இரண்டு தேய் தேய்த்தான், அசையவில்லை. கீழே குதித்துப் போய் ஒரு தமிழ்ப் பையனைக் கூட்டிவந்தான். அவன் குனிந்து பார்த்து, விரலால் சுரண்டி, மோந்தும் பார்த்துவிட்டு, "அங்கிள், இது சக்கைப் பாலா? எங்க பாட்டி கையில எண்ணெய் தடவிட்டுத்தான் பலா உரிப்பாங்க" என்றான். சமையல் பெட்டியிலிருந்து சமையல் எண்ணெய் வந்தது. பழைய துணியில் தொட்டுக் கறைமேல் தடவி ஊறவிட்டார்கள். அதற்குள் வெளிவேலை முடிந்தது. பிறகு ஒரு பழைய அட்டையால் வழித்தார்கள், மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தரைப்பலகையின் நிறம் என்ன என்று எனக்கே அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

குறைகள் உண்டு. காலடிப் பாய்களை ஈரத்தோடு போட்டுவிட்டார்கள். அதைவிட, முன்பக்கப் பாய் ஒன்று என்னுடையதே இல்லை, ஏதோ பெரிய காருடையது, பிரேக்கின் கீழே மடங்கி வந்தது. சிரிக்கிற விஷயமில்லை, ஆபத்து. எடுத்துப் பின்னால் வீசிவிட்டுத்தான் ஓட்டினேன். பாய்களுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்தது. எட்டரைக்கு என்று சொல்லிவிட்டு ஒன்பதுக்குத்தான் குழாயைத் திறந்தார்கள், அதுவும் ஒரு குறை.

விலைப்பட்டியல் கிடையாது. ஓர் அட்டை நீட்டுகிறார்கள். என்ன வேலை, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வழக்கம் பழையது. பிரிட்டனில் 1949இல் ஒரு ஷில்லிங்குக்கு ஒரு வேலை என்று சாரணர்கள் தொடங்கினார்கள், அது நம்ம ஊருக்கும் வந்து 'ஜாப் வீக்' ஆனது. நான் பள்ளியில் சாரணனாக இருந்த காலத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கதவைத் தட்டி, மின்விசிறி துடைத்து, ஜன்னல் கண்ணாடி துடைத்துச் சில்லறை வாங்கினோம். சில ஆன்டிகள் வேலை எதுவும் தராமல் காசை மட்டும் தருவார்கள். அது எங்களுக்குப் பிடிக்காது, அட்டையில் என்ன எழுதுவது? இப்போது கைப்பேசியில் காசு அனுப்பும் பேநவ் வந்துவிட்டது. அட்டை மட்டும் மாறவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம். ஒன்று கவனியுங்கள்: தெருவிலோ வீடு வீடாகவோ பொதுமக்களிடம் பணம் திரட்ட இங்கே உரிமம் வேண்டும். யாராவது சீருடை போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் டின் ஆட்டினால் உரிமத்தைக் கேளுங்கள். இங்கே கேட்டதும் ஆசிரியர் காட்டினார், முகம் சுளிக்கவில்லை.

காசு எங்கே போகிறது என்பதையும் எழுதி வைத்திருந்தார்கள். கிழிந்த கூடாரங்களுக்கு மாற்று, முகாம் கட்டணம் கட்ட முடியாத பையன்களுக்கு உதவி. உதவி பெறும் பையன் யார் என்று எங்கும் இல்லை. அது சரி.

அங்கேயே இன்னொன்றுக்கும் சீட்டு வாங்கினேன். அதே அணிகள் நடத்தும் உபின் தீவுக் குடும்ப நடை, பெரியவருக்கு 25 வெள்ளி, படகுக்கூலி தனி. நானும் மனைவியும் போனோம்.

சாங்கி முனைப் படகுத்துறையில் வழக்கப்படி 12 பேர் சேர்ந்தால் பம்போட் என்ற சிறு மோட்டார் படகு கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி, கையில் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் எங்களை முன்கூட்டியே பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள், காத்திருப்பே இல்லை. தண்ணீர் பற்றி மூன்று முறை குறுஞ்செய்தி வந்தது, ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று. தொல்லை என்று நினைத்தேன், தீவில் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது என்பதால் அது தொல்லை இல்லை. மணல் ஈக்கு மருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். என் கணுக்கால் ஒரு வாரம் அவர்களைத் திட்டியது.

வழிகாட்டிப் பையன் உள்ளங்கையில் குறிப்பு எழுதி வைத்திருந்தான், வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. ஆனாலும் பெக்கான் கல்குவாரியருகே நன்றாகப் பேசினான். இந்தத் தீவின் கருங்கல்தான் 1851இல் கட்டி முடித்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், பிறகு ஜோகூர் பாலத்துக்கும் போனது என்றான். வெட்டிய பள்ளத்தில் இப்போது தண்ணீர், மரங்களில் நாரைகள். என் மனைவி கேட்ட கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. "தெரியாது ஆன்டி, கேட்டுச் சொல்றேன்" என்றான். கதைவிடாத வழிகாட்டி கிடைப்பது லேசில்லை.

ஜெலுத்தோங் முகாம் மைதானத்தில் சமையல். நான் அதிகம் நேரம் நின்றது இங்கேதான். மூங்கில் கழிகளை மூன்று காலாக நிறுத்திக் கை கழுவும் தாங்கி ஒன்று கட்டியிருந்தார்கள். கட்டுகளை இழுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். இரண்டு கால் கல் போல நின்றது. மூன்றாவதில் சுற்று தளர்ந்திருந்தது, கடைசி முடிச்சைச் சரியாக இறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பையனிடம் விரலால் காட்டினேன். "நீங்க கட்டாதீங்க அங்கிள், நான் அவிழ்த்துத் திரும்பக் கட்டுறேன்" என்றான். கட்டினான். முதல்முறை வழுக்கியது, வாயில் கயிற்று நுனியைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அது லேசான காரியம் இல்லை.

உணவு: மெஸ் டின்னில் (முகாம் சமையல் டின்) திட எரிபொருள் கட்டி வைத்து மேகி, டின் மத்தி மீன், முட்டை. மனைவிக்குச் சனிக்கிழமை சைவம். பதிவு செய்யும்போது எழுதியிருந்தோம், அதற்கென்று பச்சை டேப் ஒட்டிய தனி டின், தனி கரண்டி. அதில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டு மிளகாய்த்தூள் தூவியிருந்தார்கள். உருளை வேகவில்லை. திட எரிபொருளில் காற்றுக்கு மறைப்பு இல்லாமல் உருளை வேகவைக்க யாராலும் முடியாது, அரை அங்குலத்துக்கு நறுக்கியிருக்க வேண்டும். மேகி நன்றாக இருந்தது, ஆனால் மேகியைக் கெடுப்பவன் இன்னும் பிறக்கவில்லை. சாப்பாட்டுக்காகப் போகாதீர்கள். திரும்பும்போது படகுத்துறைக் கடையில் இளநீர் குடித்தோம்.

பிற்பகல் செக் ஜாவா. 2001இல் மண் கொட்டி மூடவிருந்த இந்தச் சதுப்புக் கரையை, மக்கள் குரல் கொடுத்ததால் அப்படியே விட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலான பலகைநடை, 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரம். எல்லாரும் கோபுரத்துக்காகத்தான் வந்திருந்தோம். பாதி வழியில் வடக்கே இடி. அணித்தலைவன், வண்டி கழுவும்போது பார்த்த அதே ஒல்லிப் பையன், கைப்பேசியில் மின்னல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு எல்லாரையும் திருப்பினான். தலைக்கு மேல் வெயில் காய்கிறது. ஓர் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். "மழையே இல்லையே, ஐந்து நிமிஷம் ஏறி இறங்குகிறோம், காசு கொடுத்திருக்கிறோம்." அவன் குரலை உயர்த்தவில்லை. "கடைசி இடிக்கு அப்புறம் முப்பது நிமிஷம், அங்கிள். அதுக்கப்புறம் போலாம்." கூட வந்த ஆசிரியர் பத்தடி தள்ளி நின்றார், வாய் திறக்கவில்லை. அவர் பேசியிருந்தால் அந்தப் பையனின் பேச்சு அன்றைக்கு அதோடு முடிந்திருக்கும்.

வருகையாளர் நிலையமாக இருக்கும் பழைய வீட்டில் ஒதுங்கினோம். 1930களில் ஆங்கிலேயர் பாணியில் கட்டியது, உள்ளே கணப்படுப்பு வேறு. சிங்கப்பூர் வெக்கையில் யாருக்குக் குளிர் எடுத்ததோ! ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு வாசலில் சுற்றியது. பையன்கள் பிஸ்கட் பைகளை எல்லாம் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்கள். கால்மணியில் மழை கொட்டியது, மின்னலும் சரியாக அடித்தது. சண்டை போட்டவர் ஜன்னல் பக்கம் போகவில்லை. கோபுரம் ஏற நேரம் இல்லாமல் போனது. பணத்தைத் திருப்பித் தரவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் மழை வந்தால் என்ன செய்வோம் என்று சீட்டிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தத் தகராறே வந்திருக்காது.

என் மதிப்பெண்: வண்டி கழுவலுக்கு ஐந்துக்கு நாலு, பாய் மாறியதற்காக ஒன்று போச்சு. உபின் நடைக்கு நாலரை, வேகாத உருளைக்கிழங்குக்காக அரை போச்சு. பெற்றோர் வரிசைக்கு நான் எதுவும் போடவில்லை, டாக்ஸிக்காரரைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை அந்த அணியில் இருந்தால் தயவுசெய்து கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு தே குடியுங்கள், வாளியைத் தொடாதீர்கள்.

நடக்க முடியாத பெரியவர்களை உபினுக்குக் கூட்டிப் போக வேண்டாம், படகில் ஏறி இறங்குவதே சிரமம். ஏழு எட்டு வயதுக் குழந்தைகள் தாராளமாக வரலாம். கழுவலுக்குப் போவோர் பையன்கள் வரிசையில் நில்லுங்கள், பாய்களை நீங்களே எடுத்து வெளியே வையுங்கள். பெரிய காரின் வலப்பக்க முன்பாய் காணாமல் தேடுபவர் இருந்தால் என்னிடம் இருக்கிறது. சாரணர்களிடம் சொல்லிவிட்டேன், என்னுடையதைக் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம்.