எபிதாவ்ரோஸ் அரங்கம்: ‘ஆர்கெஸ்ட்ரா’ என்ற சொல்லைக் காலால் மிதித்துப் பார்க்க ஓர் இடம்

ஆர்கெஸ்ட்ரா என்றதும் வயலின் வரிசையும் கையில் கோலோடு நிற்கும் நடத்துநரும்தான் மனதில் வருவார்கள். அந்தச் சொல் பிறந்தபோது அது வெறும் தரை. கிரேக்க மொழியில் ‘ஓர்கெய்ஸ்தாய்’ என்றால் ஆடுதல், ‘ஓர்கேஸ்த்ரா’ என்றால் ஆடுமிடம். கிரீஸில் அந்தத் தரை முழு வட்டமாகவே மிஞ்சியிருக்கும் எபிதாவ்ரோஸ் பண்டைய அரங்கத்துக்குத்தான் நான் முதல் மதிப்பெண் தருவேன். ஏதென்ஸின் தியோனிசஸ் அரங்கம் இதைவிட மூத்தது. ஆனால் ரோமானியர் காலத்தில் திருத்திக் கட்டியதில் அங்கே ஆடுகளம் அரைவட்டமாகி, பளிங்குத் தளமும் போட்டாகிவிட்டது.

எபிதாவ்ரோஸில் இருப்பது கெட்டித்த மண் தரை. குறுக்களவு சுமார் 20 மீட்டர். சுற்றிலும் வெளிர்க்கல் விளிம்பு, நட்டநடுவில் பதித்த ஒரு வட்டக்கல். துன்பியல் நாடகத்தில் 15 பேர், இன்பியலில் 24 பேர் என்று பாடியபடியே ஆடிய குழுவுக்கு ஏன் இவ்வளவு இடம் தேவைப்பட்டது என்பது அந்த விளிம்பை ஒரு சுற்று நடந்தால் புரியும். நடிகர்களுக்குப் பின்னால் இருந்த கட்டடத்தின் பெயர் ‘ஸ்கேனே’, அதாவது கூடாரம். ‘சீன்’ அதிலிருந்து வந்தது.

ரோமானிய அரங்குகளில் ஆர்கெஸ்ட்ராவில் ஆட்டம் நின்று, செனட்டர்களின் இருக்கைகள் வந்தன. 17ஆம் நூற்றாண்டு ஓபரா (இசைநாடக) அரங்குகளில் மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்த இடத்துக்கு இந்தப் பழைய பெயரை வைத்தார்கள். பிறகு இடத்தின் பெயர் ஆட்களுக்கே ஒட்டிக்கொண்டது. அமெரிக்க அரங்குகளில் தரைத்தள இருக்கைகளை இன்றும் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றே விற்கிறார்கள். பழைய பொருள் அங்கே பாதி உயிரோடு இருக்கிறது.

ஒலி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நடுக்கல்லில் நாணயத்தைப் போட்டால் கடைசி வரிசைவரை கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், ஏதோ சத்தம் மேலே வரை எட்டுகிறது, ஆனால் அது நாணயம் என்று பாதி உயரம் வரைக்கும்தான் அடையாளம் தெரிகிறது. கிசுகிசுப்பு மேல் வரிசைகளுக்குப் புரியும்படி போய்ச் சேராது. குரலைத் தூக்கித் தெளிவாகப் பேசினால் நன்றாக எட்டும். அதுவே பெரிய சாதனை. மொத்தம் 55 வரிசைகள். இடையில் ஓடும் நடைபாதைக்குக் கீழே 34, மேலே 21.

முதல் வரிசையில் உட்கார்ந்தால் வட்டம் வட்டமாகத் தெரியாது, தட்டையான கோடாகத்தான் தெரியும். நடுப்பகுதிப் படிக்கட்டில் அந்த நடைபாதைவரை ஏறித் திரும்பிப் பாருங்கள். தரை தட்டுபோல முழுதாக விரியும். ஓர இருக்கைகளைத் தவிர்ப்பது நல்லது, அங்கிருந்து நடிகர்களின் பக்கவாட்டுதான் கிடைக்கும்.

பலர் தவறுவது ஊர்ப் பெயரில். கடற்கரையில் உள்ள பழைய எபிதாவ்ரோஸிலும் ஒரு சிறிய பண்டைய அரங்கம் உண்டு. பெரிய அரங்கம் உள்நாட்டில், லிகூரியோ ஊருக்குப் பக்கத்தில், மருத்துவக் கடவுள் அஸ்க்லெப்பியஸின் கோயில் வளாகத்துக்குள் இருக்கிறது. வண்டி ஏறும்போது ‘அஸ்க்லெப்பியோன்’ என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோடையில் நாடக விழா நடக்கும். 1955 முதல் நடந்துவருகிறது. அந்த நாட்களில் பகலில் போனால் மேடை அமைப்பும் விளக்குக் கம்பங்களும் வட்டத்தை மறைத்துக் கிடக்கலாம். தரையைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் விழா இல்லாத மாதத்தில், வாசல் திறந்த உடனே உள்ளே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு நடுக்கல்லில் ஆளுக்கு ஆள் கைதட்டிப் பார்ப்பார்கள், எதையும் கவனித்துக் கேட்க முடியாது. நாடகத்துக்கே வருகிறவர்கள் தட்டையான செருப்பும் உட்கார ஒரு மெத்தையும் கொண்டுவாருங்கள். இருக்கை சுண்ணாம்புக்கல், இரண்டு மணி நேரம் அதில் உட்கார வேண்டும்.