ஓரத்துல ஒரு விட்ஜெட்டா, இல்ல சைட்டோட கோடிங்லயே கை வைக்கறதா?

போன மாசம் நாங்க வெப்சைட் செஞ்சு குடுத்த கிளையன்ட் ஒருத்தர், ஜவுளிக்கடைக்காரர், போன் பண்ணி "தம்பி, நெறைய சைட்ல ஓரத்துல நீல கலர்ல ஒரு மனுஷன் படம் இருக்கே, அமுக்குனா எழுத்து பெருசாகுதே, அத நமக்கும் போட்டுருங்க, கண்ணு தெரியாதவங்களுக்கு வசதியா இருக்கும்"னார். நல்ல மனசு தான். விட்ஜெட்னு சொல்ற அந்த ரெடிமேட் டூலுக்கு ஒரு வரி ஸ்கிரிப்ட ஒட்டுனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும், வருஷா வருஷம் சந்தா கட்டணும், அவ்ளோதான்.

ஆனா அது யாருக்கு உதவுதுனு பாருங்க. எழுத்து பெருசா வேணும்ங்கறவங்க பிரவுசர்லயே கன்ட்ரோல் பிளஸ் அமுக்கிக்கறாங்க, போன்ல செட்டிங்ஸ்லயே பெருசு பண்ணி வச்சிருக்காங்க. பார்வையே இல்லாத ஒருத்தர் உங்க சைட்டுக்கு வந்து சேரணும்னாலே கையில ஒரு ஸ்கிரீன் ரீடர், அதாவது திரைல இருக்கறத வாசிச்சு சொல்ற மென்பொருள், இருந்தாகணும், ஆண்ட்ராய்டுல டாக்பேக், கம்ப்யூட்டர்ல என்விடிஏ இல்லனா ஜாஸ். இதுல விட்ஜெட் தன் பங்குக்கு வாசிச்சு காட்றேன்னு கெளம்புனா ஒரே நேரத்துல ரெண்டு பேர் காதுல கத்துன மாதிரி தான். சில விட்ஜெட் ஏஐ வச்சு படத்துல என்ன இருக்குனு சொல்ற ஆல்ட் டெக்ஸ்ட்ட தானே எழுதிக்குதாம், நம்மாளு ஆடித்தள்ளுபடி பேனர்ல எழுதியிருக்கற விலைய விட்டுட்டு "சேலை கட்டிய பெண் சிரிக்கிறார்"னு சொன்னா அத வச்சு என்ன வாங்கறது?

நான் மட்டும் சொல்லல. ஆக்ஸஸிபீங்கற பெரிய விட்ஜெட் கம்பெனி, எந்த சைட்டையும் மாற்றுத்திறனாளிங்களும் பயன்படுத்தறதுக்கான டபிள்யூசிஏஜிங்கற சர்வதேச விதிமுறைக்கு ஏத்த மாதிரி மாத்திருவோம்னு விளம்பரம் பண்ணதுக்கு அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2025ல 10 லட்சம் டாலர் கட்ட வச்சுது. விட்ஜெட்டுக்குனு ஒரே ஒரு நல்லது சொல்லணும்னா, ஜூம் பண்ணவே தெரியாத பெரியவங்களுக்கு அந்த பெரிய எழுத்து பட்டன் பயன்படும். அத மட்டும் நாமளே பத்து வரில எழுதிரலாம், சந்தா எதுக்கு?

படமெல்லாம் இல்லாம வெறும் எழுத்தோட "டெக்ஸ்ட் ஒன்லி"னு தனி சைட் வைக்கறது இன்னொரு வழி. ஆறு மாசம் கழிச்சு போய் பாருங்க, மெயின் சைட்ல புது ஸ்டாக் இருக்கும், அதுல போன தீபாவளி விலை இருக்கும். அடுத்தது போலாம்.

கோடிங்ல கை வைக்கறதுனா என்னமோ சைட்டையே இடிச்சு கட்டணும்னு நெனைச்சுக்கறாங்க. மொதல்ல மவுஸ கழட்டி வச்சுட்டு டாப் கீய மட்டும் தட்டி ஒரு பொருள் வாங்க முடியுதானு பாருங்க. அந்த ஜவுளிக்கடை சைட்ல நான் தட்டினப்போ எங்க நிக்கறேன்னே தெரியல, டிசைனுக்கு அசிங்கமா இருக்குனு, நிக்கற இடத்த சுத்தி வர்ற ஃபோகஸ் கோட்ட எடுத்தது சாட்சாத் நானே தான். "கார்ட்டில் சேர்" பட்டனே இல்ல, பட்டன் வேஷம் போட்ட டிவ், அதாவது கோடிங்ல வெறும் பெட்டி, கீபோர்டுல அங்க போகவே முடியாது, ஸ்கிரீன் ரீடருக்கும் அது பட்டன்னே தெரியாது. ஃபார்ம்ல லேபிள் இல்ல, கட்டத்துக்குள்ள மங்கலா தெரியற பிளேஸ்ஹோல்டர் தான், டைப் பண்ண ஆரம்பிச்சதும் அது மறைஞ்சு போயிடும். வெளிர் சாம்பல் எழுத்து வெள்ளை பேக்ரவுண்டுல, ரெண்டுக்கும் நடுவுல 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், இருக்கணும், பாதி கூட இல்ல. எல்லாம் சேத்து ரெண்டு நாள் வேலை. பேமென்ட் பக்கம் மட்டும் வேற கம்பெனியோடது, அதுல நானும் கை வைக்க முடியாது, விட்ஜெட்டும் வைக்க முடியாது.

தமிழ் சைட்டுக்கு தனி தலவலி ஒண்ணு இருக்கு. ரெடிமேட் தீம்ல மொழி இங்கிலீஷ்னு போட்டிருக்கும், நாம உள்ள தமிழ கொட்டிட்டு அத மாத்தாம விட்ருவோம், ஸ்கிரீன் ரீடர் இங்கிலீஷ் குரல்ல தமிழ வாசிக்க போய் கொதறிடும், சில குரல் சத்தமில்லாம தாண்டியே போயிடும். கோடிங்ல மொழிய சொல்ற ஒரே ஒரு ஆட்ரிப்யூட்ட மாத்தணும், அவ்ளோதான். இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் உருவம் மாட்டுன பாமினி ஃபான்ட்ல அடிச்ச பழைய பக்கம், பிடிஎஃப்னா இன்னும் மோசம், கண்ணுக்கு 'தமிழ்'னு தெரியும், காதுக்கு ஜே கே பி ஓன்னு கேக்கும். தமிழ் எழுத்துக்கே தனி எண் இருக்கற யூனிகோடுக்கு மாத்தாம எந்த விட்ஜெட்டாலயும் அத சரி பண்ண முடியாது.

சரி பண்ணத எப்படி செக் பண்றது? லைட்ஹவுஸ், வேவ் மாதிரி சைட்ட தானா சோதிக்கற டூல் எல்லாம் ஃப்ரீ, கான்ட்ராஸ்டும் விட்டுப்போன லேபிளும் நொடில காட்டிரும், ஓட்டுங்க. ஆனா ஸ்கோர் 100 வந்துருச்சுனு ஸ்கிரீன்ஷாட் போடாதீங்க. பிரிட்டிஷ் அரசோட டிஜிட்டல் டீம் 2017ல வேணும்னே 142 தடைய வச்சு ஒரு பக்கம் செஞ்சு டூல்ஸ ஓட்டி பாத்தாங்க, அதுல நல்லா பண்ண டூலே 40 சதவீதம் தான் புடிச்சுது. ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கானு டூல் பாக்கும், அதுல "ஐஎம்ஜி 2034"னு இருந்தாலும் பல டூல் ஓகேன்னு விட்ரும். என்விடிஏ ஃப்ரீ தான், போட்டு மானிட்டர ஆஃப் பண்ணிட்டு ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. ஸ்கிரீன் ரீடரே தெனமும் யூஸ் பண்ற ஒருத்தருக்கு காசு குடுத்து டெஸ்ட் பண்ண சொன்னா அதுக்கு மேல எதுவும் இல்ல. நாங்க அப்படி ஒருத்தர கூப்டப்ப, நான் டூல் வச்சு கண்டுபுடிக்காத ஒண்ண மூணாவது நிமிஷத்துல புடிச்சார். சேலை கலர் எல்லாத்துக்கும் வெறும் நம்பர் தான் இருந்துச்சு, "கலர் ஏழுனா என்ன சார்?"னு கேட்டார்.

அத ஜவுளிக்கடைக்காரர்கிட்ட சொன்னேன். மறுநாளே கடைப்பையன உக்கார வச்சு மயில் கழுத்து பச்சை, வெங்காய கலர், மாம்பழ மஞ்சள்னு நானூறு சேலைக்கும் பேர் அடிக்க வச்சுட்டார். நீல மனுஷன மட்டும் இன்னும் கேட்டுட்டு தான் இருக்கார்.